மேட்டில் கிளம்பாத குதிரைகள்

என் வீட்டுக்காரரை ஒர்க்‌ஷாப் தெருவில் 'குதிரை' என்றால்தான் தெரியும். பட்டப்பெயரைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், பூரித்துப்போவார். எந்த இன்ஜினைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதன் குதிரைத்திறன்தான், "இது எத்தனை குதிரை?" கல்யாணத்தன்றே மண்டபத்து ஜெனரேட்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்ட மனிதர். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் அண்ணனுக்கு அவனுடைய சரக்கு வேன்தான் சோறு. பழைய டீசல் இன்ஜின். சிமெண்ட் மூட்டைகளோடு ஆஸ்பத்திரி மேட்டில் அலட்டிக்கொள்ளாமல் ஏறும். அது புகை கக்க ஆரம்பித்ததும் இவர் குதித்துக்கொண்டு வந்தார்.

"மச்சான், கார் இன்ஜின் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. உங்களுதைவிட ரெண்டு மடங்கு குதிரை! வண்டி பறக்கும் பாருங்க."

பக்கத்து லேத் பட்டறைக்காரர் அப்போதே தலையில் அடித்துக்கொண்டார். "யோவ் குதிரை, முறுக்குற பலத்தையும் சுத்துற வேகத்தையும் பெருக்கினாத்தான் உன் குதிரை வருது. கார் இன்ஜின் வேகமா சுத்திச் சுத்தி அந்தக் கணக்கைக் காட்டுது. பழசு மெதுவா சுத்தும், ஆனா முறுக்கு ஜாஸ்தி. பாரத்தோட மேட்டுல கிளம்ப முறுக்குதான்யா வேணும். மாத்துறதுன்னா பின்னாடி கியரையும் சேத்து மாத்து. அப்பத்தான் வேகத்தைக் குறைச்சு முறுக்கா வாங்க முடியும்."

"வயித்தெரிச்சல் புடிச்ச ஆளு" என்று வீட்டுக்கு வந்து சிரித்தார் என் உத்தமர். பழைய கியரோடேயே மாட்டினார். காலி வண்டியைச் சமதரையில் ஓட்டிக் காட்டினார். பறக்கத்தான் செய்தது. அண்ணன் வாயெல்லாம் பல்லாக நின்றான். வெகுளி, இவர் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

முதல் லோடு, முழுப் பாரம். ஓட்டியது இவர். மேட்டின் பாதியில் சிக்னல் விழுந்தது. பச்சை வந்தும் வண்டி நகரவில்லை, இன்ஜின் அணைந்தது. மறுபடி உறுமவிட்டுப் பார்த்தார், கிளட்ச் கருகி நாறியது. அண்ணன் இறங்கிப்போய், பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்தான். "இந்தத் தடவை ஏறிடும் மச்சான்!" என்று கத்திக்கொண்டே இவர் பிரேக்கை விட்டார். இன்ஜின் மறுபடி அணைந்தது. வண்டி பின்னால் உருண்டது.

வலது கால், முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பாவி மனுஷா, அவன் கட்டை வைக்கிறவரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா! இவரோ ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, "அவ்வளவு குதிரை இருந்தும் எப்படி நின்னுச்சு?" என்று முனகிக்கொண்டிருந்தார்.

அண்ணன் இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு ஆறாதது அதுதான். கட்டு மாற்றுவதற்கு அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து, அதே மேட்டில் நான்தான் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போகிறேன். போன வாரம் இவர் ஒரு சின்ன மோட்டாரோடு வந்தார். நாற்காலிக்கு அடியில் வைத்து அளந்து பார்த்தார்.

"சின்னதுன்னு நினைக்காதீங்க மச்சான், அரைக் குதிரை இருக்கு. இனிமே உங்க தங்கச்சி தள்ள வேண்டியதில்ல."

அண்ணன் குனிந்து அந்த மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான்.

"மாப்ளே, மேட்டுல நின்னுட்டா திரும்பக் கிளம்புமா?"

இவர் மோட்டாரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.