ஜன்னலுக்கு வெளியே நின்ற இன்டர்வியூ

மகளுக்குச் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கடைசி ரவுண்டு இன்டர்வியூ. வீட்டிலிருந்தே, லேப்டாப்பில். முந்தைய ரவுண்டுகளைச் சுலபமாகத் தாண்டியிருந்தாள். ஆனால் இதற்கு முன் வேறு கம்பெனிகள் இதே கடைசி ரவுண்டில்தான் அவளைக் கைவிட்டிருந்தன. அதனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. "ம்மா, நீ பயப்படு, பரவால்ல. சத்தமில்லாம பயப்படு" என்றாள்.

அன்று காலை அவள் குக்கர் வைக்க விடவில்லை. மிக்ஸி கூடாது. காலிங் பெல் ஒயரைக் கழற்றிவிட்டாள். அவள் அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வேப்பூர் போயிருந்தார். வீட்டில் இருந்தால் இருமுவார், நல்லவேளை என்றாள். இத்தனை சத்தங்களை யோசித்த எங்கள் இருவருக்கும் ஒன்று மட்டும் தோன்றவேயில்லை.

நான் பி.காம். படித்தவள். எங்களுக்கு ஒரு சின்னப் பீங்கான் யூனிட் இருக்கிறது. ஃபியூஸ் கட்டை செய்கிறோம். சூளையிலிருந்து வரும் சரக்கைச் சோதிப்பது என் வேலை. இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்ட வேண்டும். ணங்கென்று கேட்டால் நல்லது. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் அடைத்துக்கொள்ளும், அதை ஒதுக்கிவிடுவேன். ஒரு கூடையை வீட்டுக்கும் கொண்டுவந்து டி.வி. பார்த்துக்கொண்டே தட்டுவேன். அந்தச் சத்தத்தில்தான் மகள் தூங்கினாள், படித்தாள். எங்கள் வீட்டில் அது ஒரு சத்தமே இல்லை.

இன்டர்வியூ தொடங்கியதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கூடையை இழுத்து வைத்துக்கொண்டேன். அவள் இங்கிலீஷில் பேசும்போது கையை நிறுத்திக் காது கொடுத்தேன். பேச்சு நின்றால் எனக்குப் பதறும். பதறினால் கை தட்டத் தொடங்கும். அவள் மறுபடி பேசினால் நிறுத்துவேன். இப்படிச் செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது.

திடீரென்று கதவு திறந்தது. மகள் லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்து, திரையை என் பக்கம் காட்டிக்கொண்டு நின்றாள். அதில் கண்ணாடி போட்ட ஒருவர்.

"ம்மா, எழுந்திரு. நான் யோசிக்கிறப்பல்லாம் ஏதோ தட்டுற சத்தம் கேக்குதாம். அது நின்னதும் நான் பதில் சொல்றேனாம். யாரு சிக்னல் குடுக்கிறதுன்னு கேக்குறாரு."

நைட்டியும் துண்டுமாக, முழங்கை வரை வெள்ளைத் தூசியோடு எழுந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் "வணக்கம் சார்" என்று கும்பிட்டேன். இரண்டு கையிலும் கட்டை இருந்தது. ணங்.

மகள் கண்ணை மூடித் திறந்தாள்.

பிறகு என் வேலை என்னவென்று அவருக்கு இங்கிலீஷில் விளக்கினாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். தான் நம்பலாம், ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதியாக வேண்டும் என்றார். சந்தேகம் என்று எழுதிவிட்டால் வேலை மட்டுமா போகும்? ராப்பகலாக அவள் படித்ததெல்லாம் திருட்டுப் படிப்பாகிவிடும்.

மகள் குரலை உயர்த்தவில்லை. "இதுவரை சொன்ன பதில்களை விட்டுவிடுங்கள் சார். இதைவிடக் கஷ்டமாகப் புதிதாக ஒன்று கொடுங்கள். அம்மா தெருவில் நிற்பார். என் பின்னால் இருக்கும் ஜன்னலில் உங்களுக்கு அவர் தெரிந்துகொண்டே இருப்பார்."

அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

வெறுங்கையோடு வெயிலில் போய் நின்றேன். ஜன்னல் வழியாக மகளின் முதுகும், திரையில் கட்டைவிரல் அளவுக்கு அவர் முகமும் தெரிந்தன. அப்போது பார்த்து எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்தாள்.

"இன்னாக்கா வெயில்ல நிக்கிற? அண்ணன் வூட்ட வுட்டுத் தொரத்திட்டாரா?"

வாயைத் திறக்கவில்லை. உதடு அசைந்தால் அதுவும் சிக்னலாகிவிடுமே.

"அய்ய, கோவத்தப் பாரு! நான் வேணா அண்ணனுக்குப் போன் போட்டு நாலு கேள்வி கேக்கட்டா?"

தலையாட்டவும் பயம். அவள் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து காம்பவுண்டுச் சுவரில் வைத்தாள். "கோவம் தீந்ததும் குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. நெடுநேரம் அசையவில்லை. என் விரல்கள் தட்டுவதற்கு எதையோ தேடின. முந்தானைகூட இல்லை, துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டேன். எவர் உதவியும் இல்லாமல் அந்தக் கை மறுபடி ஓடத் தொடங்கியது. அப்புறம் அது நிற்கவேயில்லை.

எல்லாம் முடிந்து அவள் வெளியே வந்ததும், "போச்சாடி?" என்றேன்.

"போவறதுக்கு என்ன? நல்லாத்தான் பண்ணியிருக்கேன். மோரக் குடு."

அடுத்த வாரம் வேலை கிடைத்ததாக மெயில் வந்தது. அப்போதுதான் கேட்டேன், கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று.

"எல்லா இன்டர்வியூலயும் முடிக்கிறப்ப கேப்பாங்கம்மா, எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமான்னு. ஆபீஸப் பத்தி, டீமப் பத்தி எல்லாம் கேக்கறதுக்கு ரெடி பண்ணி வெச்சிருந்தேன்."

"கேட்டியா?"

"எங்கம்மா உள்ள வரலாமான்னு மட்டும் கேட்டேன்."

இப்போது அவள் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறாள். அவள் லேப்டாப்பைத் திறந்தால் இன்றும் என் கையிலிருக்கும் கட்டைகள் தானாகக் கூடைக்குப் போய்விடுகின்றன.