குறி இல்லாத சட்டை

ஜப்பான்காரன் ஆட்சி தொடங்கி இரண்டாவது வருடம். ஈப்போவில், கிந்தா ஆற்றங்கரையில், சலவைக்காரர்கள் குடியிருந்த சந்தில் எங்கள் வீடு. சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்த நான், கல்யாணமாகி அங்கே வந்து சேர்ந்திருந்தேன். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆம்பளைகளைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. போனவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் குறைவு. என் வீட்டுக்காரர் ஊரைவிட்டே ஓடிவிட்டார் என்று ஆள் பிடிக்க வந்தவர்களிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் அவர் எங்கள் வீட்டு அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால்தான் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார். சந்துக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் காலை, எங்களிடம் துணி போடும் ஜப்பானிய அதிகாரி ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றான். அரைகுறை மலாயில் பேசினான். ரயில்வே ஸ்டேஷன், மணிக்கூண்டு, குகைக் கோயில் எல்லாம் பார்த்தாயிற்றாம். ஜனங்கள் குடியிருக்கிற ஆற்றங்கரையைப் பார்க்க வேண்டுமாம், நான்தான் சுற்றிக் காட்ட வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல்? குனிந்து கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

கால் வலிக்க வலிக்க நடக்கவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம் என்பது என் கணக்கு. கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் படித்துறை, சீனர்களின் கீரைப் பாத்திகள், பன்றிக் கொட்டகை, மரவள்ளி போட்டிருந்த மேடு என்று இழுத்தடித்தேன். அவன் அங்கங்கே உட்கார்ந்து படம் வரைந்தான். சும்மா சொல்லக்கூடாது, போகப் போக எனக்குப் பயம் குறைந்து பெருமை ஏறிவிட்டது. கடைசியில் துவைக்கிற கல்லையும் காட்டச் சொன்னான். காட்டினேன். சவுக்காரம் இல்லாமல் சாம்பலில் வெளுப்பதையும், மரவள்ளி மாவில் கஞ்சி போடுவதையும் கேட்காமலே சொன்னேன்.

இத்தனை வீட்டுத் துணியும் எப்படிக் கலக்காமல் இருக்கிறது என்று கேட்டான். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் வாசல் கொடிக்கே கூட்டிப்போய், அவனுடைய சட்டைக் காலரைத் திருப்பி, உள்ளே சேங்கொட்டை மையில் போட்டிருந்த குறியைக் காட்டினேன். வீட்டுக்கு ஒரு குறி, எங்கள் சொந்தத் துணிக்கு மட்டும்தான் குறி கிடையாது என்று பெரிய கெட்டிக்காரி மாதிரி விளக்கினேன்.

அவனுக்கு ஒரே குஷி. ஒவ்வொரு காலராகத் திருப்பிக்கொண்டே போனவன் ஒரு ஆம்பளைச் சட்டையில் நின்றான். ஈரம் சொட்டியது. குறி இல்லை.

"இனி சியாப்பா புஞா?" என்றான். இது யாருடையது என்று அர்த்தம்.

ஆறேழு அடி தள்ளித்தான் வீட்டுக்காரர் மூட்டைகளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒரு தமிழ் முஸ்லிம். எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். கடையிலிருந்து இறங்கி வந்து, அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அந்தச் சட்டையை உருவி ஈரத்தோடு மாட்டிக்கொண்டார். காலையில்தான் வெளுக்கப் போட்டேன், குறி போடக்கூட இவளுக்கு நேரமில்லை என்று மலாயில் சத்தம் போட்டார். நானாவுக்குப் பெரிய தொந்தி. பொத்தான் ஒன்றுகூட எட்டவில்லை. அதிகாரி தொந்தியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பாத்தீங்களா துவான், துவைச்சே சுருக்கிட்டா" என்று அதையும் மலாயில் போட்டார் நானா. துவான் என்றால் ஐயா.

என் கையில் ஒரு துணியும் சுருங்கியதில்லை. அன்றைக்கு மட்டும் தலையைக் குனிந்து, ஆமாம் துவான், என் தப்புதான் என்றேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். நம்பினானா, நம்பாமல் விட்டுவிட்டானா, எனக்கு இன்றுவரை தெரியாது. நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் எனக்கு அழுகை பீறிட்டது.

"அழுவாத தங்கச்சி. இனிமேலாச்சும் வந்தவன்கிட்ட தொழில் பாடம் நடத்தாத லா" என்று சொல்லிவிட்டு, நானா ஈரச் சட்டையோடேயே டீ ஆற்றப் போனார்.

பொய் வெளுத்திருந்தால் சயாம் ரயிலில் அவரையும் சேர்த்து ஏற்றியிருப்பார்கள். அது தெரிந்துதான் என் வீட்டு ஆம்பளையின் சட்டைக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு நின்றார், எங்களுக்கு ஒட்டோ உறவோ இல்லாத அந்த மனிதர். அவர் குடியிருந்த சந்தில் நானும் குடியிருந்தேன் என்று சொல்லும்போது இந்த வயதிலும் என் தலை தானாக நிமிர்கிறது.