வெள்ளி முதல் வெள்ளி வரை பதினைந்தாயிரம்

மகளுக்குக் கலியாணம் முடித்து, வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்த அன்றைக்கு எனக்குக் கவலை வரவில்லை. எங்கள் கிழக்குக் கரையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். என் உம்மாவும் எனக்கு அப்படித்தான் தந்தார். கொடுத்த பிறகு வீட்டின் பின்வளவில் சின்னதாக ஒரு வீடு போட்டுக்கொண்டு தாயும் தகப்பனும் ஒதுங்குவது வழக்கம். எங்களுக்குப் பின்வளவு இல்லை. கல்முனையில் கடற்கரைப் பக்கம் ஆறு பேர்ச் காணி. வீடு போக மிஞ்சியது ஒரு கிணறும் முருங்கை மரமும்தான்.

என் கணவர் பத்தொன்பது வருடம் கட்டாரில் கனரக வாகனம் ஓட்டியவர். கலியாணத்துக்கு நான்கு மாதத்துக்கு முன்தான் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். மருமகன் நல்ல பிள்ளை, இருங்கள் என்றுதான் சொன்னார். ஆனால் இரண்டே அறை உள்ள வீட்டில், புது மாப்பிள்ளை குளித்துவிட்டு வரும்போது முன்னறையில் குந்திக்கொண்டிருக்க என் கணவருக்குக் கூச்சம். வாடகை வீட்டுக்குப் போவோம் என்றேன். "மாசாமாசம் ஆரோ ஒருத்தனுக்குச் சல்லி கட்டவா நான் வெயில்ல கெடந்தன்?" என்று கேட்டார். அடுத்த கிழமை ஒரு பழைய வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அதன் விலையில் பாதி என் காப்புகளை விற்ற காசு.

இந்த யோசனை அவருக்கு போனில் இருந்து வந்தது. வெள்ளைக்காரர்கள் வேனுக்குள்ளேயே படுத்து, சமைத்து, நாடு நாடாகப் போவதைக் கட்டாரில் இருக்கும்போதே பார்த்துப் பழகியிருக்கிறார். சம்மாந்துறையில் ஒரு தச்சு பாஸைப் பிடித்து உள்ளே ஒரு கட்டில், கட்டிலுக்குக் கீழே பெட்டி, கதவோரத்தில் அடுப்பு வைக்க ஒரு பலகை எல்லாம் போடுவித்தார். பிறகு கணக்கைச் சொன்னார். கையிருப்பை வங்கியில் போட்டுவிட்டு, வெள்ளிக்கு வெள்ளி பதினைந்தாயிரம் மட்டும் எடுப்பது. டீசல், சாப்பாடு, மருந்து, எல்லாம் அதற்குள். மூன்று வருடம் அப்படி இருந்தால், போட்ட முதல் குறையாமல், வங்கி தரும் இலாபத்தில் மிஞ்சுவதைக் கொண்டே ஒரு துண்டுக் காணி வாங்கிவிடலாம்.

"கார்ட் என்ட கையில இருந்தா செலவழிஞ்சிரும் புள்ள. கிழமைக்கு ஒருக்காத்தான் எடுப்பன். இதுதான் சட்டம்."

நான் ஓம் என்றேன். அந்த ஓமுக்கு நான் எட்டு மாதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதினைந்தாயிரத்தில் இரண்டு பேர் சாப்பிட முடியாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருந்தால் முடியும். வீட்டில் நான் இறக்காமத்தில் இருந்து நெல் மூட்டை எடுத்து, குற்றி, பீப்பாயில் போட்டு வைத்துவிடுவேன். தேங்காய் இருபது முப்பதாக வாங்குவேன். மீன் மலிந்த நாளில் இரண்டு கிலோ வாங்கி, பாதியைக் கருவாடு போட்டுவிடுவேன். வேனில் வைக்க இடம் இல்லை, குளிர்ப்பெட்டி இல்லை, மொத்தமாக வாங்கக் கையில் ஒரேயடியாகச் சல்லியும் இல்லை. அரிசி கிலோக் கணக்கில், தேங்காய் ஒன்று, எண்ணெய் சின்னப் பைக்கற். எல்லாவற்றுக்கும் மற்றவர்களைவிடக் கூடக் கொடுக்கிறவள் நான். சிக்கனமாக இருக்க வந்து, கடையில் ஆகக் கூடிய விலைக்கு வாங்குகிறவளாகிவிட்டேன்.

இதை அவரிடம் சொன்னால் விளங்காது. அவருக்கு ஓடவேண்டும். இரண்டு நாள் ஓர் இடத்தில் நின்றால் மூன்றாம் நாள் டயரைக் காலால் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். "காரைதீவுப் பக்கம் காத்து நல்லம்" என்பார். "திருக்கோவில்ல ஒரு இடம் இரிக்காம்" என்பார்.

"நீங்க ஓடுற ஒவ்வொரு கட்டைத் தூரமும் என்ட கறிச்சட்டியில இருந்துதான் போகுது" என்று ஒருமுறை சொன்னேன். சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார்.

குளிப்பதும் கக்கூசும் தனிக் கதை. ஆண்களுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது. தொழுகைக்கு வுழூ எடுக்கிற இடத்திலேயே முகம் கால் கழுவி, பின்பக்கம் போய் எல்லாம் முடித்துக்கொண்டு வந்துவிடுவார். நான் முன்பின் தெரியாத வீட்டுக் கடப்படியில் போய் நின்று, "ராத்தா, ரெண்டு வாளி தண்ணி அள்ளிக் குளிக்கலாமா?" என்று கேட்கவேண்டும். யாரும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஏன், ஒங்களுக்கு ஊடு வாசல் இல்லையா?" இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அக்கரைப்பற்றில் ஜும்ஆ முடிந்து அந்தக் கிழமைக் காசை எடுத்தார். அடுத்த நாள் காலை அறுகம்குடாவுக்குப் போவோம் என்றார். அலையில் விளையாட வெள்ளைக்காரர்கள் வந்து குவிகிற காலம். தென்னந்தோப்புக்குள் சும்மா நிறுத்தலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐயாயிரத்துக்கு டீசல் அடித்தார். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய நான் சாமான் வாங்கினேன்.

சும்மா நிறுத்த முடியவில்லை. தோப்புக்காரரின் மனைவி வந்து இராவுக்கு ஐந்நூறு என்றார். கிணறும் கக்கூசும் அதற்குள் அடக்கம் என்று சொன்னபடியால் நான் மறுக்கவில்லை. எங்களுக்கு இரண்டு மரம் தள்ளி ஒரு வெள்ளைக்காரச் சோடியின் வேன் நின்றது. உள்ளே குளிர்ப்பெட்டி, கூரையில் சூரிய மின்தகடு, பக்கத்தில் கூடாரம்போல ஒரு மறைப்பு, அதற்குக் கீழே இரண்டு மடக்குக் கதிரை. என் கணவர் போய் அவர்களோடு ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு முகம் மலர வந்தார்.

"இஞ்ச பாரு புள்ள, அவங்களும் நம்மள மாதிரித்தான். கிழமைக்கு இவ்வளவுதான் எண்டு வச்சிக்கித்தான் செலவழிக்கிறாங்க."

"எவ்வளவாம்?"

"முந்நூறு யூரோ."

மனக்கணக்குப் போட்டேன். எங்கள் ஏழு கிழமைக் காசு. அதைச் சொன்னேன். "தொகை வேறதான், முறை ஒண்டுதானே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடற்கரைப் பக்கம் போனவர் இரண்டு மடக்குக் கதிரையோடும் நிழலுக்குக் கட்ட ஒரு தறப்பாளோடும் வந்தார். விருந்தினர் விடுதி நடத்துகிற ஒருவர் பழைய சாமான்களை விற்றிருக்கிறார். மொத்தம் ஐயாயிரம். கதைத்தால் அழுகை வந்துவிடும் என்று கடலைப் பார்த்துக்கொண்டு தேங்காய் திருவினேன். அவர் கதிரை இரண்டையும் விரித்து, மணலைத் தட்டிச் சரிபார்த்து, "வந்து இரி" என்றார். வேலை கிடக்கிறது என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க முன்னமே கேஸ் முடிந்தது. என்னிடம் அறுநூறு ரூபாய் இருந்தது. அது சின்னச் சிலிண்டருக்குக்கூடப் போதாது.

"கார்டக் கொண்டு போய் ரெண்டாயிரம் எடுங்க" என்றேன்.

"இண்டைக்குச் செவ்வாய். வெள்ளிக்குத்தானே எடுக்கிற."

"கதிரைக்கு இல்லாத சட்டம் கேஸுக்கு எங்கால வந்த?"

"கதிர, கிழமைச் சல்லியிலதானே வாங்கின? சட்டத்த முறிக்கல்லயே நான். மூணு நாள் சமாளி புள்ள."

சமாளி. இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. அதைச் சொல்கிறவர் ஒருபோதும் சமாளிக்கிறவராக இருப்பதில்லை. நான் மூன்று கல் தேடி, தேங்காய்ப் பொச்சுமட்டை பொறுக்கி, தோப்புக்குள்ளேயே அடுப்பு மூட்டினேன். கடல்காற்றுக்குத் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து புகையெல்லாம் என் முகத்துக்கே வந்தது. சோறு பாதி வேகும்போது தோப்புக்காரரின் மனைவி ஓடி வந்தார்.

"காத்துக்குள்ள இப்பிடி நெருப்பு மூட்டலாமா? ஓலையில புடிச்சா ஆர் பதில் சொல்லுற? ஒங்களுக்கு இது தெரியாதா?"

தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும். என் வயதில் ஒரு பெண்ணை நெருப்பு மூட்டத் தெரியாதவள்போல இன்னொருத்தி ஏசுகிறாள், நான் தலையைக் குனிந்துகொண்டு மண்ணை அள்ளிப் போட்டு அணைக்கிறேன். அன்றைக்குப் பகல் எங்களுக்கு முந்தின நாள் வாங்கிய பாணும் தேங்காய்ச் சம்பலும்.

அன்று பின்னேரம் மகள் போன் எடுத்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். "உம்மா, வியாழக்கிழம கிளினிக். உங்கட மருமகனுக்கு லீவு கிடைக்கல்ல. நீங்க வந்தா நல்லம்" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் கையில் நூறு ரூபாய்தான் மிச்சம் என்ற நினைவு வந்தது. காலையில் முந்தின இராவுக்கான ஐந்நூறைக் கொடுத்திருந்தேன். பஸ்ஸுக்கே காணாது. அதோடு, பிள்ளைத்தாய்ச்சி மகளிடம் வெறுங்கையோடு போகவும் மனம் வராது.

"வெள்ளிக்கிழம ரெண்டு பேருமாப் போவமே" என்றார் என் கணவர்.

"கிளினிக் வியாழக்கிழம."

"அப்ப என்ன செய்யிற?"

என்ன செய்கிறது என்று அவர் என்னைக் கேட்டார். வங்கியில் காசு இருக்கிறது, கார்ட் அவர் சேட்டுப் பைக்குள் இருக்கிறது, என்ன செய்கிறது என்று என்னைக் கேட்டார்.

புதன்கிழமை அவர் ழுஹர் தொழுகைக்குப் போனதும் கதிரை இரண்டையும் மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்த விடுதிக்கு நடந்தேன். மணலில் கால் புதைந்தது. அபாயா வியர்வையில் ஒட்டிக்கொண்டது. விடுதிக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இத நேத்து முந்தாநாத்தானே வேன்காரக் காக்கா வாங்கிட்டுப் போனார்?"

"ஓம் தம்பி. வேனுக்குள்ள வைக்க இடம் காணா. எடுங்க."

மூவாயிரம் தந்தார். பேரம் பேச எனக்குச் சக்தி இருக்கவில்லை.

என் கணவர் வந்து தறப்பாளுக்குக் கீழே வெறும் மணலைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்குச் சொல்ல எட்டு மாதக் கதையையும் நாக்கில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. வேன் படியில் உட்கார்ந்தார்.

"பத்தொன்பது வருசம் ஸ்டியரிங்குக்குப் பின்னால இருந்தன். ஒன்னோட பக்கத்துல ஒரு நாள் சும்மா இரிப்பமெண்டு நெனச்சன். நீ ஒருக்காக்கூட வந்து இருக்கல்ல."

அது என்னைத் தைத்தது. ஆனால் கோபம் போகவில்லை. பக்கத்தில் சும்மா இருக்க எனக்கும் விருப்பம்தான். சும்மா இருக்கிற நேரத்தில் சோறு யார் ஆக்குவது, எதில் ஆக்குவது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லையே. இரண்டையும் ஒன்றாக அவரிடம் சொல்லத் தெரியாமல் ஆயிரத்தை அவருக்கு வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை கிளினிக்கில் எல்லாம் நல்லபடி, அல்ஹம்துலில்லாஹ். மத்தியானம் மகளுக்குச் சமைத்துக் கொடுக்கப் போனேன். குசினியில் மிளகாய்த்தூள் இருந்த இடத்தில் தேயிலை இருந்தது. சட்டிகளெல்லாம் வேறு தட்டில். ஒவ்வொரு சாமானுக்கும் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க இரிங்க உம்மா, நான் செய்யிறன்" என்றாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் விருந்தாளியாகப் போய்க் கதிரையில் இருந்தேன்.

"இஞ்சயே நில்லுங்களன் உம்மா. வாப்பாவையும் வரச் சொல்லுங்க."

"பாப்பம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வேன் வந்து நின்றது. அவர் இறங்கி மகளைப் பார்த்துத் தலையைத் தடவிவிட்டு, வழமைபோலப் பதினைந்தாயிரத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இது வேனுக்கு. டீசல், டயர், கதிர, எதுவெண்டாலும் இதுக்குள்ள. மறுகா என்னட்டக் கேக்க வேணாம். முடிஞ்சா வேன் நிண்ட இடத்துலதான் நிக்கும்."

அதை வாங்கிச் சேட்டுப் பைக்குள் வைத்தார். "சரி" என்றார். இவ்வளவு சுலபமாகச் சரி என்றவரை நினைத்து எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. நான் இதை எட்டு மாதத்துக்கு முன்னமே கேட்டிருக்கலாம்.

அந்த ஐயாயிரம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. வேன் ஒலுவிலில் என் உம்மாவுக்குத் தங்கை முறையான சாச்சி ஒருவரின் வளவில் நின்றது. கிணறு பக்கத்தில், கக்கூஸ் பக்கத்தில், கேள்வி கேட்க ஆள் இல்லை. ஒரே இடத்தில் நின்றபடியால் ஐந்து கிலோ அரிசி வாங்கினேன். கரைவலை இழுத்த அன்று சூடை மீன் வாங்கிக் கருவாடு போட்டேன். எனக்கு மூச்சு விடக்கூடியதாக இருந்தது. அவர் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார்.

பத்து நாள் கழித்து, அறுவடை தொடங்கியபோது, லொறிக்கார நண்பர் ஒருவர் அவரைக் கூப்பிட்டார். வரிப்பத்தான்சேனை வயல்களில் இருந்து ஆலைக்கு நெல் ஏற்ற ஒரு சாரதி வேண்டும். என்னைக் கேட்காமலேயே ஓம் என்றார். மூன்று உடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யானைப் பயத்தால் இருட்டினால் லொறிகளை நகர்த்துவதில்லை, அதனால் அங்கேயே படுக்கிறார்கள். இரண்டு கிழமையாகிறது. நாள் சம்பளம் கிடைக்கிறது, குரலில் உயிர் வந்திருக்கிறது. ஓட்டிக்கொண்டே இருக்கலாம், டீசல் வேறொருவருடையது.

நான் வேனுக்குள் இருக்கிறேன். வீட்டைக் கொடுத்துவிட்டு அவரோடு இருக்கத்தான் இதற்குள் ஏறினேன். இப்போது அவர் இல்லை, வேன்தான் இருக்கிறது. வெள்ளிக்கு வெள்ளி அவர் கொடுத்தனுப்புகிற பத்தாயிரத்தில் பாதிகூட முடிவதில்லை. ஒருத்திக்கு எவ்வளவு சமைப்பது?

நேற்றுக் காலை போன் எடுத்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டன். நீங்க எப்ப வாற?"

"இன்னும் ஒரு கிழம இரிக்கும் போல. இஞ்ச பாரு, வேன ஸ்டார்ட் பண்ணி வச்சியா? பெட்டரி இறங்கிரும். பத்து நிமிசம் ஓட உடு."

முன் சீட்டில் ஏறி அவர் சொன்னபடி சாவியைத் திருப்பினேன். வேன் குலுங்கி எழும்பியது. சாச்சி குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். டீசல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் ஓட விட்டேன் என்று அவருக்குச் சொன்னேன்.