இக்னாஸுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

கட்டைவிரல் பலகை மூட்டின் ஓரமாக ஒரே சீராக நகர்ந்துகொண்டிருந்தது. மூட்டை அடைக்கத் தடவும் சீமைப்பலா மரத்தின் பால், தொட்டால் நூலாக இழுபடும் பதத்துக்கு வந்திருந்தது. இதற்கு முன்னால் தடவினால் வழிந்துவிடும், பின்னால் தடவினால் ஒட்டாது. விரல் மூலைக்கு வந்ததும் நின்றது, கொஞ்சம் பின்னுக்குப் போனது, மறுபடி வந்தது. மரப்பெட்டியின் அடியில் கண்ணாடி பதிந்திருந்தது. மேல்பக்கம் முகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடிகள்.

பால் காய்ந்ததும் அந்தக் கைகள் பவுடர் டப்பாவை எடுத்தன. தொண்டைக்குழியில் மட்டும் வட்டமாக, வெள்ளையாக அப்பிக்கொண்டன.

எங்கள் ஊரில் பெண்கள் குளித்தால் கழுத்துக்குப் பவுடர் போடாமல் வெளியே வரமாட்டார்கள். ஆனால் அது வேலை நேரம். படகுத்துறையில் மீன் பிடிக்கும் மூங்கில் கூடு பின்னிக்கொண்டிருந்த ஆல்வின் விடுவானா?

"என்ன எர்மினா, பூசைக்குப் போறியா, புருஷன் தேடப் போறியா?"

"ரெண்டும் இல்ல. உன் சாவுக்கு எப்படி வர்றதுன்னு ஒத்திகை பாக்குறேன்."

எர்மினா துறையின் கடைசிப் படியில் குப்புறப் படுத்தாள். பெட்டியைத் தண்ணீரில் இறக்கி, முகத்தை உள்ளே வைத்தாள். மீனவர்கள் கீழே கிடக்கும் கூட்டைப் பார்க்க இப்படித்தான் செய்வார்கள். சின்ன அலை ஒன்று வந்து போனது. எழுந்து கழுத்தை என் பக்கம் திருப்பினாள்.

"டெனிஸ், நனைஞ்சிருக்கா பாரு."

பவுடர் மாவாகக் குழைந்திருந்தது.

"நனைஞ்சிருக்கு."

அவள் ரம்பத்தை எடுக்கப் போனாள்.

நான் எர்மினாவின் பாய்மரப் படகில் கயிறு பிடிப்பவன். சமையலும் என்னுடையது. அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பாய் விரிக்க யாரும் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை. மற்றவர்களின் படகுகளில் மீன் வறுத்துக்கொண்டே, யார் எந்தக் கயிற்றை எப்போது தளர்த்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். புயல் கரையில் எறிந்துவிட்டுப் போன ஒரு படகைச் சொந்தக்காரர் கைவிட்டபோது, அதை வாங்கிப் பலகை பலகையாக மாற்றினாள். இப்போது அதில்தான் அரை நாள் பயணம் கூட்டிப்போகிறாள். ஒரு பயணத்துக்கு ஒரு குடும்பம்தான். காலையில் கிளம்பி, எங்கள் டொமினிக்காத் தீவின் தெற்கு முனையைச் சுற்றி, கடலடியிலிருந்து எரிமலைச் சூட்டில் குமிழி கிளம்பும் இடத்தில் நீந்தவிட்டு, மதியத்துக்குள் கரை சேர்ப்பாள். இரண்டு குடும்பங்களைக் கலந்தால் வருமானம் கூடும் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"பயந்தவங்க முகத்தை நான் பாக்கணும். கூட்டம் இருந்தா மறைச்சுக்குவாங்க" என்பாள்.

யாரிடமும் "பயப்படாதீங்க" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு வாளித் தண்ணீரைப் படகிலேயே வைத்து, நீச்சல் மாஸ்க்கை மாட்டி, முதலில் அதில் முகத்தை வைக்கச் சொல்வாள். மீசைக்காரர்களுக்கு மீசையில் வாசலின் தடவுவாள், இல்லாவிட்டால் மாஸ்க்குக்குள் தண்ணீர் கசியும். மூச்சுவிடும் ஸ்நார்க்கல் குழாயைக் கடிக்கும் விதத்தைப் பார்த்தே யார் நடுவழியில் திரும்புவார்கள் என்று சொல்லிவிடுவாள்.

இந்த முறை வந்தது வெளியூர்க்காரர்கள் இல்லை. பக்கத்துத் தெரு ஒடிலியா. அவள் கணவர் இக்னாஸ், ஒரு காலத்தில் இந்தக் கரையிலேயே அதிக நேரம் மூச்சடக்கித் தண்ணீருக்கடியில் இருக்கக்கூடியவர். கூடுகளை மேலிருந்து இழுக்காமல் கீழே போய் அவிழ்த்து வருவார். குமிழிகள் கிளம்பும் இடத்தில் நங்கூரம் போட்டால் பவளம் உடைகிறது என்று படகுகளைக் கட்டப் பாறையில் மிதவைக்கயிறு கட்டியதும் அவர்தான். இரண்டு வருடம் முன்பு தொண்டையில் கட்டி வந்தது. பக்கத்துத் தீவான மார்த்தினிக்கில் அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தடியில் ஒரு துளை வழியாக மூச்சுவிடுகிறார். பேசவேண்டுமென்றால் அந்தத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். கரகரவென்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் பிடிக்காமல் பெரும்பாலும் பேசுவதே இல்லை.

"அவரைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள் ஒடிலியா. "வேற யாரும் இருக்கக் கூடாது. கழுத்தைப் பாப்பாங்கன்னு வரமாட்டாரு."

"டாக்டர் என்ன சொல்றாருக்கா?"

"தண்ணி மேல போகலாம். தண்ணிக்குள்ள கூடாது. அந்த ஓட்டையில ஒரு கை தண்ணி போச்சுன்னா அவ்வளவுதான்."

"அப்ப கரையிலிருந்தே பாக்கலாமே."

"கரையிலதான் கடலுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காருறாரே." ஒடிலியா விரல்விட்டு எண்ணினாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து என் சமையல்ல குறை சொன்ன மனுஷன். உப்பு கம்மி, எலுமிச்சை தூக்கல், மீன் குழைஞ்சுபோச்சு. இப்ப வெச்சதைச் சாப்பிடுறாரு. போன வாரம் வேணும்னே உப்பே போடாம வெச்சேன். முழுசாச் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வெச்சாரு. எனக்குப் பயமா இருக்கு எர்மினா."

அதற்காகத்தான் இந்தப் பெட்டி. எர்மினா முதலில் எங்கள் ஊர் அளவிலேயே செய்துவிட்டாள். மீனவர் பெட்டியின் விளிம்பு தொண்டைக்கு நேராக வந்து நிற்கும். கழுத்து நனைந்தால் நமக்கென்ன என்றே எல்லோரும் அதைச் செய்து பழகியிருக்கிறோம். பவுடர் குழைந்த பிறகு பெட்டியைப் பிரித்து உயரம் கூட்டினாள். மோவாய்ப் பக்கத்து விளிம்பிலிருந்து வெளியே நீளும் ஒரு பலகை சேர்த்தாள். குப்புறப் படுத்தால் அது கழுத்துக்கும் மார்புக்கும் கீழே, குழந்தைக்குக் கட்டும் எச்சில் துணி மாதிரி விரிந்திருக்கும். கீழிருந்து வரும் அலை அந்தப் பலகையில் மோதித் திரும்பிவிடும். மறுபடி பவுடர், மறுபடி படி. ஆல்வினைப் படகை ஓட்டிவந்து வேண்டுமென்றே அலை கிளப்பச் சொன்னாள்.

"முழுகிடப் போறே" என்றான் அவன்.

"நீ கிளப்புற அலையில கொசு கூட முழுகாது. வேகமா வா."

பவுடர் பூசியபடியே இருந்தது.

பயணத்தன்று இக்னாஸ் கழுத்தில் துணி கட்டி, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டு வந்தார். எங்கள் பின்னால் ஒரு சிறு தோணியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டோம். வெந்நீர் ஊற்றுள்ள கறுப்பு மணல் கரையைக் கடந்தபோது கந்தக நாற்றம் வந்தது. ஒடிலியா முந்தானைபோல் தலைத்துணியை இழுத்து மூக்கை மூடினாள். இக்னாஸுக்கு மூக்கு வழியே காற்றுப் போவதில்லை, அதனால் வாசனையும் இல்லை.

"இந்தப் படகுல இப்ப நிம்மதியா இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்ணே" என்றாள் எர்மினா.

அவர் சிரிக்கவில்லை. திரும்பவும் இல்லை.

தெற்கு முனையில் இரு பக்கத்துக் கடல்களும் முட்டிக்கொள்ளும். வழக்கமாக எர்மினா பாறையை ஒட்டித்தான் திருப்புவாள், வந்தவர்கள் சாரலில் நனைந்து கூச்சலிட வேண்டும் என்பதற்காக. அன்று வெகுதூரம் வெளியே போய்த் திருப்பினாள். சாரல் விழாத பக்கத்தில் அவரை உட்காரவைத்து, ஒவ்வொரு அலைக்கும் சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக் கொடுத்தாள். பாய் படபடத்தது. நேரம் அதிகம் ஆயிற்று. அவர் சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை.

குமிழி கிளம்பும் இடத்துக்கு வந்து படகை மிதவையில் கட்டினோம். இக்னாஸையும் ஒடிலியாவையும் தோணியில் இறக்கினோம். அடியில் மெத்தை. எர்மினா மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் மாட்டித் தண்ணீரில் இறங்கி, பெட்டியைத் தோணியின் ஓரத்தில் பொருத்திப் பிடித்தாள்.

இக்னாஸ் பெட்டியைப் பார்த்தார். கட்டைவிரல் கழுத்துக்குப் போனது.

"இது கூடு பாக்குறவனுக்கு. நான் கூட்டுக்கே போனவன்."

எர்மினா அவரோடு வாதாடவில்லை. "சரிண்ணே. கடலைப் பாக்க வேணாம். கண்ணாடி சரியா பதிஞ்சிருக்கான்னு மட்டும் சொல்லுங்க. மூலையில வெளிச்சம் உடையுதோன்னு ஒரு சந்தேகம்."

அவர் கழுத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு குப்புறப் படுத்தார். ஒடிலியா அவருடைய இடுப்பு வாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். முகம் பெட்டிக்குள் போனது.

படகிலிருந்த எனக்கு அவருடைய அகன்ற முதுகு மட்டும்தான் தெரிந்தது. கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மஞ்சள் கறை படிந்த பாறை, இடுக்கில் ஒளியும் கிளிமீன், சோடாப் பாட்டிலைத் திறந்த மாதிரி மணலிலிருந்து கிளம்பும் வெள்ளிச் சரங்கள். அவை மேலே வந்து கண்ணாடியில் முட்டி, நழுவி, ஓரத்தில் உடையும். மற்றவர்கள் பார்த்தால் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிடும், அடிக்கடி துடைக்க வேண்டும். அவர் மூச்சு கழுத்து வழியாகப் பலகை மேல் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி மங்கவே இல்லை.

எர்மினா தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கீழிருந்து பெட்டியைப் பார்த்தாள். உடனே மேலே வந்தாள்.

"அக்கா, பின்னால இழுங்க. உள்ள தண்ணி வருது."

ஒடிலியா இழுத்தாள். இக்னாஸ் எழுந்து உட்கார்ந்தார். எர்மினா தோணியில் ஒரு கையை ஊன்றி, பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் சொட்டுகள் நின்றன. ஒன்றைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. உடனே மூட்டுகளில் கட்டைவிரலை ஓட்டினாள். ஒரு பக்கம், மறு பக்கம், நாலு மூலையும். பால் எங்கும் விடவில்லை. எல்லா மூட்டுகளும் காய்ந்திருந்தன.

"எங்கேருந்துதான் வருது?" என்றாள், தனக்குத்தானே.

ஒடிலியா தலைத்துணியின் நுனியால் கணவரின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இக்னாஸ் கழுத்தை அழுத்தினார். "ஒழுகல. பெட்டி நல்லாத்தான் இருக்கு." கையை நீட்டினார். "குடு."

எர்மினா என்னிடம் உலர்ந்த துணி கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, பெட்டியை மறுபடி பொருத்தினாள்.

அதன்பின் வெகுநேரம் அவர் எழவே இல்லை. வெயில் ஏறி அவர் சட்டையின் முதுகு நனைந்தது. எர்மினா தோணியைப் பிடித்தபடி மெல்ல மெல்ல நீந்தி, பாறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கொண்டுபோனாள். அவளுக்குக் கால் மரத்துப்போயிருக்கும். ஒடிலியாவின் விரல்கள் வாரிலேயே இருந்தன. மிதவைக்கு அருகில் வந்தபோது இக்னாஸின் முதுகு விறைத்தது. அவர் தலையைத் தூக்கினார்.

"யாரு கட்டினது?"

"எதுண்ணே?"

"கீழ. மிதவைக் கயிறு." விரலை எடுத்து மூச்சிழுத்துவிட்டு மறுபடி அடைத்தார். "பாறையில."

"போன வருஷம் அறுந்துபோச்சு. பசங்க இறங்கிக் கட்டினாங்க."

"பசங்க." இன்னொரு மூச்சு. "செருப்பு வார் கட்டுற மாதிரி கட்டி வெச்சிருக்கானுங்க. பாறை அறுக்குது. அடுத்த புயலுக்கு உன் படகு மார்த்தினிக்ல கிடக்கும். பழைய ஹோஸ் குழாயை உறையாப் போடச் சொல்லு. ரெண்டு சுத்து. முட்டாப் பசங்க."

இரண்டு வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. ஒடிலியா தோணியின் அடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது.

படகில் ஏறியதும் வாழைக்காய் போட்ட மீன்சாறு ஊற்றிக் கொடுத்தேன். இக்னாஸ் சாப்பிட்டார். ஒடிலியா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அது வராது" என்று ஒடிலியா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "ருசி போனது போனதுதான். இருக்கட்டும்."

கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் பெட்டி அவர் மடியில் இருந்தது. புரட்டிப் பார்த்தார், மூட்டுகளை நகத்தால் கீறிப் பார்த்தார், கைப்பிடிகளைப் பிடித்துப் பிடித்து விட்டார். துறையில் இறங்கியதும் எர்மினாவிடம் நீட்டினார்.

"வெச்சுக்கங்கண்ணே. உங்களுக்குத்தான் செஞ்சது."

"கைப்பிடி வழுக்குது."

"நல்லா மணல்தாள் போட்டுத் தேச்சேனே."

"அதான் தப்பு. ஈரக்கைக்கு வழவழப்பு ஆகாது. கயிறு சுத்திக் குடு. செவ்வாய்க்கிழமை வேணும்."

"செவ்வாய்க்கிழமை உங்களுக்கு கிளினிக்" என்றாள் ஒடிலியா.

"கிளினிக் காலையிலதானே. ஆல்வின்கிட்ட தோணி இருக்கு."

"என்னைக் கேக்கவே இல்லையே" என்று அந்தப் பக்கமிருந்து ஆல்வின் குரல் கொடுத்தான்.

இக்னாஸ் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

எர்மினா அங்கேயே துறைப் பலகையில் உட்கார்ந்து, தார் பூசிய மெல்லிய கயிற்றை எடுத்தாள். தலைமுடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியைச் சுற்றி ஒவ்வொரு சுற்றையும் முந்தையதோடு நெருக்கி இழுத்தாள். இக்னாஸ் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார். சுற்று லேசாக விலகியிருந்தது. அவள் அதுவரை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். நுனியை உள்ளே செருகி, முடிச்சு கையை உறுத்தாமல் தட்டிப் படியவைத்தாள். அடுத்த கைப்பிடியையும் அதேபோல் முடித்தாள்.

பிறகு கண்ணாடியைத் தன் பாவாடையில் துடைத்து, பெட்டியை அவரிடம் கொடுத்தாள்.