நடுவில் இருந்த ஒரு வரி

புவனேஸ்வரி டீச்சர் இன்று காலை போய்விட்டார்.

அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள், நாளைக்குச் செத்தவீடு என்றும் சொன்னாள். "ஓம் பிள்ளை... ஓம்" என்றேன். போனை வைத்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

அறுபதுகளில் முரசுமோட்டைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒன்றாகப் படிப்பித்தோம். அவருக்கு ஐந்தாம் வகுப்பு, எனக்கு நான்காம் வகுப்பு. நடுவில் ஒரு தட்டி மட்டும்தான், அவருடைய பாடம் முழுக்க என் காதில் விழும்.

வாசித்து விளங்கிச் சொல்கிற கிரகித்தல் பாடம் என்றால் டீச்சருக்குத் தனி உற்சாகம். சீனி சுற்றி வந்த பேப்பர், வயலுக்கு வாங்கின பசளைப் பையோடு வந்த துண்டுக் காகிதம்... வாசிக்கக் கிடைக்கிற எதையும் பிள்ளைகள் கொண்டுவரலாம்.

வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி.

"இதை எழுதின ஆள் பஸ்ஸில ஏறிட்டார், பஸ் வெளிக்கிடுது. ஒரு வரிதான் கத்திச் சொல்லலாம். என்ன சொல்லுவார்?"

ஒருநாள் வாய்க்கால் தண்ணீர் நோட்டீஸ். ஒரு பிள்ளை எழும்பித் திகதி, இலக்கம், கையெழுத்து வைத்த ஐயாவின் பட்டம் எல்லாம் ஒப்புவித்தாள்.

"பிள்ளை, பஸ் போயிட்டுது" என்றார் டீச்சர். தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பும் சேர்ந்து சிரித்தது.

பின் வாங்கிலிருந்து ஒருத்தன் கத்தினான். "வெள்ளிக்கிழமை தண்ணி பூட்டீனம்!"

வெள்ளிக்கிழமை வாய்க்காலை மூடுகிறார்கள், அதுதான் விடை.

இடைவேளையில் நான் சும்மா சீண்டினேன். "எல்லாம் ஒரு வரி எண்டா, மிச்சம் எதுக்கு டீச்சர்?"

"மிச்சம் கதைக்கிறதுக்கு, மாஸ்டர். சனம் முக்கியமானதை நேர சொல்லாது. நடுவில எங்கயாவது ஒளிச்சு வைக்கும். நாங்கள்தான் தேடோணும்."

போன மாதம் வாட்ஸ்அப்பில் எனக்கு நீளமாக ஒரு மெசேஜ் போட்டிருந்தார். வெயில், முழங்கால் வலி, முருங்கை பூத்தது, மகள் சாய்ந்து இருக்கப் புதுக் கதிரை வாங்கித் தந்தது...

கதிரைக்கும் முருங்கைக்கும் நடுவில் ஒரு வரி. "ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ மாஸ்டர்."

நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். அவ்வளவுதான்.

நான் இருக்கிற வவுனியாவில் இருந்து டீச்சர் வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கூட இல்லை. எனக்கு நேரமும் இருந்தது. சொல்ல ஒரு சாட்டும் இல்லை.

இன்றைக்கு அந்த மெசேஜை நாலு தரம் வாசித்துவிட்டேன்...

பஸ் போயிட்டுது டீச்சர்.

நாளைக்கு வாறன்.