நூதனசாலைத் தளங்களும் என் தலையிடியும்

இணையத்தளம் செய்கிறவளிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கொஞ்சம் வடிவாச் செய்து தாங்கோ." வடிவு என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள், "அது உங்களுக்குத்தானே தெரியும்" என்பார்கள். என் தொழிலில் கிடந்து அல்லற்படுகிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

நான் வேலணையில் இருக்கிறேன். ஊர்காவற்றுறையில் ஒரு பழைய கல்வீட்டைத் திருத்தி, தீவுப்பகுதி ஓவியர்களின் படங்களை மாட்டி, சின்னதாக ஓவிய நூதனசாலை ஒன்று தொடங்கினார்கள். அதன் தளம் என் கையில் வந்தது.

தலைவரின் ஒரே கேள்வி

முதலில் உலகத்து நூதனசாலைத் தளங்களை ஒப்பிட்டுப் பார்த்து வரச் சொன்னார் நிர்வாகக் குழுத் தலைவர். பார்த்தேன். பேர்பெற்ற ஒன்றில் முகவரியைத் தேடியே விரல் நொந்தது. இன்னொன்றில் எதைத் தொட்டாலும் நுழைவுச்சீட்டு வாங்கச் சொல்லி மறித்தது. யாருக்கும் தெரியாத ஒரு சிறு பட்டினத்து நூதனசாலைதான் உருப்படியாக இருந்தது: திறக்கும் நேரம் மேலே, படத்தைத் தொட்டால் வரைந்தவர் பெயரும் அது எந்த அறையில் இருக்கிறது என்பதும்.

எல்லாவற்றையும் திரையில் போட்டுக் காட்டி, தொண்டை வறளப் பேசினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி பிள்ளை, இதுகளில தலைவரின்ர படத்தை எந்த இடத்தில போடுறவை?"

ஆடுகிற அலை

கட்டடத்துக்குப் பணம் தந்தவர் லண்டனில் இருக்கும் பாலா அண்ணை. முதற்பக்கம் முழுக்கக் கடல் அலை ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. செய்து முடித்து, யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலத்தில் போகும்போது என் போனில் திறந்து பார்த்தேன். பாலம் முடிந்து மண்கும்பான் ஊர் தாண்டியும் வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவரின் போனிலும் அதே வட்டம்.

எங்கள் சனம் பார்க்க முடியாத தளம் எங்கள் நூதனசாலைக்கு எதற்கு என்று பாலா அண்ணையிடம் கொதித்தேன். அவர் கோபப்படவேயில்லை. "இஞ்ச எங்களுக்கு டக்கெண்டு வருது தங்கச்சி. நீர் ஒரு நல்ல போன் வாங்குமன்."

பூட்டிய கதவு

அலையின் கனத்தைக் குறைத்து எங்கள் போன்களிலும் ஓட வைத்தேன். அடுத்தது தலைவர்: திறக்கும் நாளும் நேரமும் பக்கத்தின் வடிவைக் கெடுக்கின்றனவாம். கடவுச்சொல் அவரிடமும் இருந்தது; என்னைக் கேளாமலே அழித்துவிட்டார்.

நெடுந்தீவிலிருந்து ஓர் ஆசிரியை தன் வகுப்பைக் கூட்டிக்கொண்டு படகேறி, குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அன்று நூதனசாலைக்கு விடுமுறை. கதவில் பூட்டு. தளத்தின் அடியில் இருந்த என் இலக்கத்துக்கு அழைத்தார். தலைவருக்கு அழைத்தால் அவர் எடுக்கவில்லை. அவர் வீட்டுக்கே ஓடி, திறப்பை வாங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். படகு பிடிக்க வேண்டியவர்கள் ஓட்டமாக ஓர் அறையை மட்டும் பார்த்தார்கள். அன்றே நேரத்தைப் பெரிய எழுத்தில் போட்டேன்.

போகும்போது ஆசிரியை சொன்னார்: "கடலில பாதிப் பிள்ளையள் சத்தியெடுத்ததுகள். உங்கட தளத்தில அலை நல்லா ஆடுது மிஸ், எப்ப திறப்பியள் எண்டதுதான் இல்லை."

என்ர பேர் எங்க?

பிலோமினா அக்கா மீன்பிடிக் குடும்பம். வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்களை அவர் வரைந்த படம்தான் முதற்பக்கத்தில் அலைக்குக் கீழே. ஒருநாள் போனைப் பிடித்தபடி என் வாசலில் வந்து நின்றார். படத்தின் கீழே "அன்பளிப்பு: பாலா" என்று இருந்தது. நான் போட்டிருந்த அவர் பெயரைக் காணோம்.

தலைவரிடம் போனேன். "ரெண்டு பேர் போட்டால் பாலா கோவிப்பார்" என்றார். எனக்கு உச்சி கொதித்தது. நான் பார்த்த தளங்களில் எவ்வளவோ கூத்து இருந்தது. வரைந்தவர் பெயரைத் தின்ற தளம் ஒன்றுகூட இல்லை. அவர் முன்னாலேயே லண்டனுக்கு அழைத்தேன். பாலா அண்ணை திகைத்துப்போனார்: "ஐயோ, நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்? முதல்ல அவவின்ர பேரைப் போடுங்கோ!" தலைவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே இருந்து பெயரைப் போட்டு, கடவுச்சொல்லையும் மாற்றினேன். பிலோமினா அக்காவிடம் போய்க் காட்டினேன். போனைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார். "ம்... எழுத்து காணாது. இன்னும் பெரிசாக்கும்."

இத்தனை காலத்தில் கணினியோடு எனக்கு ஒரு சண்டையும் வந்ததில்லை, எல்லாச் சண்டையும் கதிரையில் குந்தியிருந்தவர்களோடுதான்.