தவிடு என்று ஒரு பெயர்

பூண்டி கிராமத்து ராமர் சம்சாரம் பிச்சையம்மாள் பின்னுகிற கம்பளிப் பொம்மைகளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கேட்டவள் கொடைக்கானலில் ஏரிப் பக்கம் கடை வைத்திருக்கும் சுபஸ்ரீ.

"பேரில்லாத பொம்மைய டூரிஸ்ட் வாங்க மாட்டேங்கறாங்க அக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேர் சொல்லுங்க. லேபிள் அடிச்சு, இன்ஸ்டால ஒரு பேஜ் ஆரம்பிச்சிடலாம்."

பெயர் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? அடுத்த வீட்டு முருகேஸ்வரி 'மலைராணி' என்றாள். அவள் கொழுந்தன் 'பனித்துளி' என்றான். ஓசியில் கிடைக்கிற யோசனைக்குக் கேட்கவா வேண்டும். பிச்சையம்மாள் எதற்கும் தலையாட்டவில்லை.

ராமர் மட்டும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் காலையில் பூண்டைக் கட்டுக் கட்டிக்கொண்டே, "ரோகிணின்னு வச்சிரு" என்றார்.

அவள் ஊசியையும் நூலையும் அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

ரோகிணி அவர்களுடைய ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பதினொரு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயரைப் பிச்சையம்மாள் உச்சரித்ததில்லை. ராமர் வாய் தவறிச் சொன்னாலும் எழுந்து போய்விடுவாள். கை சும்மா இருந்தால் மனசு ஆளைத் தின்றுவிடும் என்றுதான் பொம்மை பின்னவே உட்கார்ந்தாள்.

ராமர் பின்னாலேயே போனார். "அவ பேர ஒன் வாயால கேட்டு ரெண்டு வருசமாச்சு பிச்சை. பொம்மையிலயாச்சும் இருந்துட்டுப் போகட்டுமே."

"அந்தப் பேரு வேணாங்க. அத வச்சுப் பட்டது போதும்."

பட்டது என்னவென்று சொல்லிவிட வேண்டும். பிச்சையம்மாளுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக இவள் பிறந்ததும் குப்பைமேட்டில் கொஞ்ச நேரம் கிடத்தினார்கள். அடுத்த வீட்டுக்காரி எடுத்துப் போய், ஒரு முறம் தவிட்டை வாங்கிக்கொண்டு பெற்றவளிடமே திரும்ப விற்றாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை, பிச்சையாகக் கிடைத்த பிள்ளை. இப்படி ஒன்றின் மேல் எமன் ஆசைப்பட மாட்டானாம். இவள் தங்கினாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைப் பார்த்தாலே கையேந்திக் காட்டிச் சிரித்தார்கள். அழாமல் வீடு வந்த நாள் குறைவு.

அவளுக்கும் முதல் இரண்டு தங்கவில்லை. மூன்றாவதாக மகள் பிறந்தபோது மாமியார் சிவபாக்கியம் முறத்தில் தவிட்டோடு வந்து நின்றாள். "எம் மகளுக்கு ராணி கணக்காத்தான் பேரு வைப்பேன். பிச்சைன்னும் தவிடுன்னும் கூப்பிட விடமாட்டேன்" என்று இவள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். பெயர் தேடி ரோகிணி என்று வைத்தவளும் இவள்தான்.

பெயரா காய்ச்சலைக் கொண்டுவரும்? மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் பெட்டியில் இருக்கிறது. அவளும் படித்துப் பார்த்தவள்தான். பெற்ற வயிறு தாளையா நம்பும்? மாமியார் ஒரு சொல் குத்திக் காட்டியிருந்தால்கூட இவள் எதிர்த்துச் சண்டை போட்டு ஆறியிருப்பாள். அந்த மகராசியோ கடைசி வரை ஒன்றும் சொல்லாமலே கண்ணை மூடினாள்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே பிச்சையம்மாள் பஸ் ஏறிக் கொடைக்கானல் போனாள்.

"தவிடுன்னு போட்டுக்கம்மா."

"தவிடா?" சுபஸ்ரீ ஒரு நிமிஷம் யோசித்தாள். "செமயா இருக்கு அக்கா. சட்டுனு மனசுல நிக்குது. யாரு யோசிச்சது?"

"எங்க ஊர்ல வைக்கிற பேருதான்" என்றாள் பிச்சையம்மாள்.

பத்து நாளில் லேபிள் வந்தது. பழுப்பு அட்டை, அழகான எழுத்து, கட்டுவதற்குச் சின்னக் கயிறு. இரட்டைச் சடை போட்ட பொம்மை ஒன்றின் கழுத்தில் முதல் லேபிளைக் கட்டினாள். தோட்டத்திலிருந்து வந்த ராமர் அதை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தவிடா?"

"தங்கணும்ல" என்றாள்.

அவருக்கு விளங்கிவிட்டது. அம்மா முறத்தோடு நின்ற அன்றைக்கு அவரும் அங்கேதான் நின்றிருந்தார். அவரும்தானே பெண்டாட்டி பக்கம் பேசினார். பொம்மையை அவள் மடியில் வைத்துவிட்டு நகரப் போனார்.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். "நூல்ல பின்னுன பொம்மை தங்கணும்னு இந்தப் பேர வச்சேன். எம் மக ரோகிணிக்கு வைக்காமப் போனேனேங்க."

அந்தப் பெயரை அவள் வாயால் ஒரு தடவை கேட்க ராமர் இரண்டு வருஷமாகக் காத்திருந்தவர். கேட்டுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தார்.